கடப்பாரை நீச்சல்

ஜூன் 3, திங்கள்

கோடை கேம்ப் முடிகிற நேரமாகப் பார்த்து விசாரித்தது நல்லதாகப் போயிற்று. ஏப்ரலில் கேட்டபோது “பெரியவங்களுக்கு இப்ப பேட்ச் இல்ல மேடம்” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன இடத்திலிருந்து இன்று அவர்களே போன் செய்கிறார்கள்.

வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டியது. ஐம்பது மீட்டர் குளம், டைவ் அடிக்கத் தனிக் குளம். பந்தயத்துக்குப் போகிற பிள்ளைகள் விடியற்காலையிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் போய் விழ எனக்குத் தெம்பில்லை. மெரினா மாநகராட்சிக் குளத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கலாம். மலிவு, ஆனால் ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் அது லாயக்கு. ஆபீஸ் சிநேகிதியின் அபார்ட்மென்ட் குளம் இலவசம், நாலடிதான் ஆழம், சொல்லித்தர ஆள் கிடையாது. ஓட்டல் குளத்தின் மாதக் கட்டணத்தைக் கேட்டதும் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் முடிவானது வீட்டிலிருந்து பத்து நிமிஷ ஸ்கூட்டர் தூரத்தில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடக் குளம். இருபத்தைந்து மீட்டர். ஒரு கோடியில் மூன்றடி, மறு கோடியில் ஐந்தரை. காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்கள் பேட்ச், கோச்சும் பெண். நாற்பத்தேழு வயதில் தொடங்குகிறவளுக்குக் கால் ஊன்ற இடம் இருக்க வேண்டும், வீட்டுக்குப் பக்கமாக இருக்க வேண்டும். தூரத்திலிருக்கும் நல்ல குளத்துக்கு முதல் வாரம் போவோம், மறு வாரம் மழை வரும், அத்தோடு சரி.

இருதயம், வலிப்பு, தோல் வியாதி எதுவும் இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். எங்கள் டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “உங்களுக்கு நீச்சல் தெரியாதா? ஊர்ல கிணறு இருக்குன்னு சொல்வீங்களே?” என்றார். கிணறு இருக்கிறது. அண்ணன்தான் அதில் குதித்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடப்பாரை நீச்சல்.

ஜூன் 8, சனி

சாமான் வாங்கப் போனேன். கடையில் நீச்சலுக்கென்று ஒரு முழு வரிசையே இருக்கிறது: துடுப்புக்கால், கைத்தட்டு, மூக்கு கிளிப், காதடைப்பான், முகத்துக்கு நேராக நிற்கிற மூச்சுக்குழாய். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். தண்ணீரில் இறங்குவதைத் தள்ளிப்போட இவ்வளவு நல்ல வழி வேறில்லை. நல்லவேளையாக கோச் வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பியிருந்தாள்: “அக்கா, காகுள்ஸ் மட்டும் நல்லதா வாங்குங்க, மத்தத பாத்துக்கலாம்.”

கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்கப் பட்டையைத் தலையில் மாட்டவே வேண்டியதில்லை. குப்பியைக் கண்ணில் வைத்து லேசாக அழுத்தி விட்டால் இரண்டு மூன்று விநாடி தானாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் உங்கள் முகத்துக்கானது. உடனே விழுந்தால் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் ஏறும், கண்ணைச் சுற்றி வளையம் விழுவதுதான் மிச்சம். எனக்கு மூக்குத்தண்டு அகலம். மூக்கின் மேல் உட்காருகிற பாலத்தை மாற்றிக்கொள்ளும்படி மூன்று அளவு தருகிற வகைதான் ஒத்துவந்தது. பவர் போட்ட நீச்சல் கண்ணாடியும் இருக்கிறது, ஆனால் அரை அரையாகத்தான் ஏறும். என்னுடையது மைனஸ் 3.25. மூன்றை எடுத்தேன், சுவர்க் கடிகாரம் தெரிந்தால் போதும். கான்டாக்ட் லென்ஸோடு குளத்தில் இறங்கவே கூடாது என்று கண் டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். தண்ணீரில் இருக்கிற ஒருவகை அமீபா லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையில் போய் உட்கார்ந்தால் கருவிழிக்கே ஆபத்து. உள்பக்கம் பனி படியாமலிருக்க ஒரு பூச்சு உண்டு, அதை விரலால் துடைத்தால் போய்விடும் என்று கடைப்பெண் எச்சரித்தாள்.

காஸ்ட்யூமில் பருத்திக்கு அனுமதியில்லை. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிசிறு வடிகட்டியை அடைக்கும். லைக்ரா அதிகமுள்ள துணி உடம்புக்கு இதமாக இருக்கும், குளோரின் அதைச் சில மாதத்தில் தளர்த்திவிடும். பாலியெஸ்டர் சற்று விறைப்பு, நாள்பட உழைக்கும். முழுக்கை, கணுக்கால் வரை, மேலே ஒரு ஃபிராக். டிரையல் ரூமில் அதை உடம்பில் ஏற்றுவதற்குள் வேர்த்து ஊற்றிவிட்டது. “டைட்டா இருக்கணும் மேம், தண்ணில லூஸ் ஆயிடும்” என்று வெளியிலிருந்து குரல். தொப்பி சிலிக்கான். எந்தத் தொப்பியும் தலை நனையாமல் காக்காது. முடி கண்ணில் விழாமலும் குளத்தில் உதிராமலும் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஜூன் 10, திங்கள்

வாசலில் பலகை: குளித்துவிட்டு இறங்கவும். தலையில் எண்ணெய் கூடாது. ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர், முழங்கால் வலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னாராம், வழக்கம்போல் வழிய வழிய எண்ணெய் வைத்துப் பின்னலிட்டு வந்திருந்தார். கோச் அவரை ஷாம்பு பாக்கெட்டோடு திருப்பி அனுப்பினாள். இத்தனை வருஷம் மற்றவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர், முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தண்ணீர் இடுப்பளவுதான். இறங்கியதும் கால் தரையில் படாததுபோல் வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு முங்கி எழ வேண்டும், இன்றைக்கு அதுதான் பாடம். பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்துவிடுவார்கள். எங்கள் பேட்சில் எல்லோரும் சுவரைப் பார்த்து வரிசையாக நின்று, மூக்கைப் பிடித்து, கண்ணை மூடி, யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 13, வியாழன்

“மூச்ச விடுங்கக்கா. தண்ணிக்குள்ள விடுங்க. புடிச்சு வெச்சுக்காதீங்க.”

கோச் இன்று முழுக்க இதைத்தான் சொன்னாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. நீருக்குள் போனால் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்றுதானே உலகமே நினைத்துக்கொண்டிருக்கிறது? சுற்றி வளைக்காமல் விளக்கினாள். நெஞ்சு முட்டுவது காற்று தீர்ந்துபோவதால் அல்ல, உள்ளே கரியமில வாயு சேர்வதால். பிடித்து வைத்தால் அது ஏறிக்கொண்டே போகும், மூளை அபாயமணி அடிக்கும், தலையைத் தூக்குவோம். வாய் வெளியே இருக்கிற அரை விநாடியில் பழைய காற்றை விட்டு, புதுக் காற்றை இழுக்கவும் வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போகும். அதனால் விடுவதை நீருக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். மேலே வந்தால் இழுப்பது மட்டும்தான் வேலை.

மூக்கால் முனகிக்கொண்டே விட்டேன். காதோரம் குமிழி கடகடவென்று போயிற்று. ஒரு தடவை நெஞ்சு காலியாகும் வரை விட்டதில், முட்டி மடங்கி அப்படியே தரையில் போய் உட்கார்ந்துவிட்டேன். காற்று இருந்தால் மிதக்கிறோம், போனால் அமிழ்கிறோம். எட்டாம் வகுப்பில் ஆர்க்கிமிடீசுக்கு ஐந்து மார்க் வாங்கியபோது இந்தச் சங்கதி உடம்பில் ஏறவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள்: வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு யார் அதிக நேரம் முங்குவது என்று பந்தயம் வைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அபாயமணி அடிக்காமலே மயக்கம் வந்துவிடுமாம்.

ஜூன் 20, வியாழன்

மிதப்பு. மல்லாந்து மிதப்பது டீச்சரம்மாவுக்கு உடனே வந்துவிட்டது. நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு திண்ணையில் படுத்திருப்பதுபோல் கிடந்தார். கொழுப்பு எலும்பையும் தசையையும்விட லேசு, ஆகவே சற்றுச் சதைப்பிடிப்பான பெண்கள் சுலபமாக மிதப்பார்கள். பேட்சிலேயே ஒல்லியான ஐ.டி. பெண்தான் திணறுகிறாள். இவ்வளவு நாள் கழித்து எங்கள் இடுப்புக்கு ஒரு மரியாதை!

குப்புற மிதப்பதில் எனக்குக் கால் இறங்குகிறது. காற்று இருப்பது நெஞ்சில், கனம் இருப்பது இடுப்புக்குக் கீழே. தலையைத் தூக்கினால் கால் இன்னும் இறங்கும். தலையைத் தண்ணீரில் தொலைத்துவிட்டு, நெஞ்சை லேசாக அழுத்தி, நேர் கீழே தரையைப் பார்க்க வேண்டும். நீலத் தரையில் கருப்பு ஓடுகளால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வாரமாக அந்தக் கோட்டின் ஒவ்வொரு ஓடும் எனக்கு அத்துப்படி; மூன்றாவதில் ஒரு மூலை உடைந்திருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

மகள், “அம்மா, உன் மேல ஸ்விம்மிங் பூல் வாசனை” என்கிறாள். குளோரின் வாசனை என்று நாம் சொல்வது சுத்தத்தின் வாசனை இல்லை. குளோரின் வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகிற குளோரமின்தான் அப்படி நெடியடிக்கிறது. நெடி அதிகமென்றால் குளிக்காமல் இறங்கியவர்கள் அதிகம். தலைமுடிக்கு கோச் சொன்ன வழி: இறங்குமுன் நல்ல தண்ணீரில் முடியை முழுக்க நனைத்துவிடுவது. ஏற்கெனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. எண்ணெயை இரவுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஜூலை 5, வெள்ளி

கிக் போர்டு தந்தார்கள். பலகையைப் பிடித்துக்கொண்டு காலடித்துப் போக வேண்டும். நான் அடித்த அடியில் பக்கத்து லேனில் மழை பெய்தது, நான் மட்டும் நகரவில்லை. ஐ.டி. பெண்ணோ பின்னால் போனாள், நிஜமாகவே. முட்டியை மடக்கிச் சைக்கிள் மிதித்தால் அப்படித்தான் ஆகும். அடி இடுப்பிலிருந்து வர வேண்டும், கணுக்கால் தளர்ந்து விரல் நீண்டிருக்க வேண்டும். நாற்பது வருஷம் நடந்து இறுகிய கணுக்கால் அது. சின்னத் துடுப்புக்காலை மாட்டி ஒரு லேப் அனுப்பினாள் கோச். சர்ரென்று போனேன். உடனே கழற்றச் சொல்லிவிட்டாள். “ருசி காட்டத்தான் குடுத்தேன். இதுலயே பழகிட்டா கால் சோம்பேறி ஆயிடும்.”

வேறு சில குளங்களில் பெரியவர்களுக்குக் கையில் காற்றுப்பட்டை மாட்டிவிடுகிறார்களாம். அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அது தோளை நிமிர்த்தி உடம்பைச் செங்குத்தாக நிறுத்திவிடும்; நாம் பழக வேண்டியது படுப்பதற்கு.

ஜூலை 12, வெள்ளி

பிரீஸ்டைலில் கையும் காலும் எப்படியோ வந்துவிட்டன. மூச்சுக்குத் திரும்பும்போதுதான் எல்லாம் குலைகிறது. நான் தலையைத் தூக்குகிறேன். தூக்கக் கூடாது, உடம்போடு சேர்ந்து உருள வேண்டும், ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

வீட்டில் பழகுகிறேன். பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி டைனிங் டேபிளில் வைத்து, முகத்தை விட்டுக் குமிழி விட்டு, வலப்பக்கம் திருப்பி மூச்சிழுத்து, மறுபடி உள்ளே. இவர் காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஹாலுக்குப் போய்விட்டார். குளத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கிற பழக்கத்தைவிட இந்தப் பேசினில் பத்து நிமிஷத்தில் அதிகம் கிடைக்கிறது. இங்கே விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. ஸ்டூலில் குப்புறப் படுத்துக் கை வீசுவதையும் முயன்றேன், அது வயிற்றுவலிக்குத்தான் வழி.

ஜூலை 19, வெள்ளி

மேற்கே மின்னல் வெட்டியதும் விசில் அடித்து எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள். துணி மாற்றும் அறையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, வழக்கமாகக் குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயம் வெளிப்படையாகவே வந்தது. மாதத்தில் அந்த நாட்களில் என்ன செய்வது? நாப்கின் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும், உதவாது. ஐ.டி. பெண் கப் வைத்துக்கொண்டு வருகிறாளாம். நான் அந்த நாட்களில் லீவு. “எங்க காலத்துல அடுப்படிக்கே லீவு” என்றார் டீச்சரம்மா.

ஆகஸ்ட் 1, வியாழன்

நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 1500 மீட்டர் பார்த்தேன். கேட்டி லெடெக்கி. மற்றவர்கள் திரையிலேயே இல்லை. 15 நிமிடம் 30 விநாடி, ஒலிம்பிக் சாதனை. நான் பார்த்தது வேகத்தை இல்லை, மூச்சை. பெரும்பாலும் வலப்பக்கமேதான் திரும்புகிறாள். இரண்டு பக்கமும் மாறி மாறி மூச்சு வாங்கினால்தான் நீச்சல் என்று எங்கள் குளத்தில் ஒரு சீனியர் அம்மா பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் பழகுவது நல்லதுதான், உடம்பு கோணாமல் இருக்கும். ஆனால் உலகத்திலேயே நெடுந்தூரத்தில் பெரிய ஆள் ஒரே பக்கம் வாங்கும்போது எனக்கென்ன?

இந்தியாவிலிருந்து போனவர்களில் தினிதி தேசிங்கு என்கிற பெங்களூர்ப் பெண்ணுக்குப் பதினாலு வயதுதான். 1994இல் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையைக் கடந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு. அதே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, ஐந்து என்றிருந்த மிஹிர் சென் சாதனையையும் தாண்டினான். அப்போது எனக்குப் பதினேழு. பேப்பரில் அவன் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் பையன்களையெல்லாம் கிணற்றுக்கு விரட்டினார்கள். பெண்பிள்ளைகளை யாரும் விரட்டவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடிப்பெருக்குக்குக் கோபிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருக்கிறோம். மேட்டூர் நிரம்பிக் காவிரியில் வெள்ளம் போவதால் கூடுதுறையில் இறங்கத் தடை. நேற்றைய கும்பிடு வீட்டோடு முடிந்தது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் எங்கள் கிணறு ஊறிவிடும். இன்று காலை கிணத்துமேட்டில் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும்.

எங்கள் காலத்தில் காய்ந்த சுரைப்புருடையை இடுப்பில் கட்டி இறக்குவார்கள், அது கிடைக்காதவனுக்குக் காய்ந்த கற்றாழைத் தண்டு. இப்போது சமையல் எண்ணெய் கேன், ஐந்து லிட்டர். இரண்டை மூடி இறுக்கித் துண்டால் முதுகில் கட்டிவிடுகிறார்கள். பழகப் பழக ஒன்றாகக் குறைத்து, பிறகு அதிலும் பாதி தண்ணீர் நிரப்பி மிதப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறார் அண்ணன். யார் சொல்லித்தந்தார்களோ, கடையில் இத்தனை சாமான் பார்த்தேனே, எதிலும் இந்த வசதி இல்லை.

“நாலு மொடக்கு தண்ணி குடிச்சாத்தான் அம்மிணி நீச்ச வரும். உங்க கோச்சு காசு வாங்கீட்டு கொப்புளிக்கச் சொல்லிக் குடுக்குது” என்று சிரித்தார்.

என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை அண்ணன் மகன் பிடித்துக்கொண்டான். கடைசிப் படிக்கல்லிலிருந்து இறங்கினேன். குளத்துத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. முகத்தை உள்ளே விட்டால் கோடும் இல்லை, ஓடும் இல்லை, பச்சை இருட்டு. எதைப் பார்ப்பதென்று தெரியாமல் ஒரு கணம் மூச்சைப் பிடித்துவிட்டேன். பிடித்ததும் நெஞ்சு முட்டியது, அண்ணன் கையை எட்டிப் பிடித்தேன். அடுத்த தடவை முனகலோடு இறங்கினேன். எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பினேன்.

அண்ணன் நீந்துவதை இப்போதுதான் கவனித்துப் பார்க்கிறேன். தலை நனையாது, தலையைத் தூக்கியே வைத்திருப்பார், நாலு சுற்றில் மூச்சு வாங்கும். ஆனால் கிணற்று நடுவில் நின்ற வாக்கில் காலாட்டிக்கொண்டு மரவள்ளி விலையைப் பற்றி என்னோடு வெகுநேரம் பேசினார். எனக்கு அது வராது. போகத் தெரிகிறது, நடுவில் நிற்கத் தெரியவில்லை. தவறி விழுந்தால் உயிர் காப்பது அவருடைய நீச்சல்தான்.

அண்ணன் மகள், பத்து வயது, மேட்டில் உட்கார்ந்து பையன்களின் சட்டைகளை மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பாவ ஏண்ணா எறக்கல?”

“அவளுக்கெதுக்கு அம்மிணி… நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாங்க.”

நாற்பத்தேழு வயதில் நான் காஸ்ட்யூமோடு அந்தக் கிணற்றிலிருந்து ஏறி வந்ததை ஊரே பார்த்தாயிற்று, இனி அவளைப் பற்றிப் பேச என்ன மிச்சம் என்று கேட்டேன். அண்ணி, “நல்லாக் கேளுங்க” என்றார். அண்ணன் கேனை அவிழ்ப்பதில் மும்முரமாகிவிட்டார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஐந்தரை அடிக் கோடிக்கு வந்தாயிற்று. என் உயரம் ஐந்தடி ஒன்று. சுவரை விட்டு நின்ற நீச்சல் பழக்குகிறாள் கோச். கை இரண்டும் மேசையைத் துடைப்பது மாதிரி பக்கவாட்டில், கால் தனித்தனியாக உள்பக்கம் வட்டமடிக்க வேண்டும். அண்ணனிடம் பார்த்தது என்று சொன்னேன். “அவரு கரெக்டாத்தான் பண்றாரு” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் அமிழ்கிறேன். கோச்சோடு பேசிக்கொண்டே இருந்தால் நிற்கிறேன். பேசும்போது மூச்சு தானாக வெளியே போய்விடுகிறது. டீச்சரம்மா மூன்றடியிலேயே நடை போடுகிறார், முழங்கால் தேவலை என்கிறார், ஆழத்துக்கு வருவதாக உத்தேசமே இல்லையாம்.

மத்தியானம் அண்ணி ஒரு வீடியோ அனுப்பினார். பாப்பா, முதுகில் இரண்டு கேன், அண்ணன் பனியனைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடி, கன்னம் உப்ப, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு. “மூச்சை விடச் சொல்லுங்க அண்ணி” என்று பதில் போட்டேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் சின்னப் பிள்ளைகள் அளவில் ஒரு கண்ணாடி வாங்கி கூரியரில் போட்டேன். அண்ணன் போனில், “கெணத்துக்கெதுக்கு அம்மிணி கண்ணாடி, உள்ள என்ன தெரியப் போவுது” என்றார். பாலத்தை நடு அளவில் வைக்கச் சொல்லிவிட்டு வைத்தேன்.